மடிப்பாக்கம் குடியிருப்போர் குழு: இனி பாஸ்வேர்ட் வேண்டாம்

சனிக்கிழமை

[காலை 7:38] நிர்மலா (ஏ-4): எல்லோருக்கும் வணக்கம். நேற்று மட்டும் 9 பேர் "நம்ம குடியிருப்புத் தளத்துக்குள் போக முடியவில்லை, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று போன் செய்தீர்கள். மெட்ரோ வாட்டர் லாரிக்குப் பெயர் கொடுக்க இரவு 8 மணி கடைசி. அதனால் ஒவ்வொருவருக்கும் நானே புது பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தேன். மாதாமாதம் இதே கதை. சி-2 தீபாவிடம் ஒரு வழி கேட்டிருக்கிறேன். தீபா, நீயே சொல்லும்மா.

[7:51] தீபா (சி-2): வணக்கம். மறப்பதுகூடப் பரவாயில்லை, அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நம்ம தளத்தை முன்பு செய்து கொடுத்தவர், 48 வீட்டு பாஸ்வேர்டையும் அடித்தது அடித்தபடியே சேமித்து வைத்திருக்கிறார். டேட்டாபேஸைத் திறப்பவர் யாரும் படிக்கலாம். வியாழக்கிழமை ராத்திரி அதைப் பார்த்ததும் உடனே மூடிவிட்டேன். பாதிப் பேர் பேங்குக்கும் இதே பாஸ்வேர்டைத்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைத்தபோது தூக்கமே வரவில்லை.

[7:53] தீபா (சி-2): நம்ம தளத்தில் பாஸ்வேர்டே இருக்க வேண்டாம் என்பது என் யோசனை. "கூகுள் மூலம் உள்ளே வருக" என்று ஒரே பட்டன். உங்கள் போனில் ஏற்கெனவே ஜிமெயில் இருக்கிறது, அது போதும். இல்லாததைத் திருட முடியாது இல்லையா?

[8:06] வரதராஜன் (பி-1): நல்ல எண்ணம்தான் அம்மா. ஆனால் எனக்கு ஒரு பயம். பென்ஷன், பேங்க், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் என் ஜிமெயிலுக்குத்தான் வருகிறது. அந்தப் பாஸ்வேர்டை நம்ம தளத்தில் அடித்தால், அதையும் இதே டேட்டாபேஸில்தானே எழுதி வைக்கும்?

[8:19] தீபா (சி-2): அங்கிள், சரியான கேள்வி. அடிக்கவே மாட்டீர்கள். பட்டனை அமுக்கியதும் நம்ம தளம் உங்களைக் கூகுளின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பும். பாஸ்வேர்ட் கேட்டால் அங்கேதான் கேட்கும். மேலே முகவரியில் "அக்கவுண்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம்" என்று இருக்க வேண்டும், அதை மட்டும் பாருங்கள். நீங்கள் சரி என்றதும் கூகுள் ஒரு சின்ன குறியீட்டைக் கொடுத்து உங்களை நம்மிடம் திருப்பி அனுப்பும். அது ஒரே ஒரு தடவைதான் செல்லும். நம்ம சர்வர் அந்தக் குறியீட்டையும் தன் ரகசியச் சாவியையும் கூகுளிடம் நேராகக் காட்டி, "இவர் இன்னார்" என்று ஒரு சான்றை வாங்கிக்கொள்ளும்.

[8:22] தீபா (சி-2): நீங்கள் கெசட்டட் ஆபீசராக இருந்தபோது எத்தனை பிள்ளைகளின் மார்க் ஷீட்டுக்குப் பச்சை மையில் அட்டெஸ்ட் செய்திருப்பீர்கள்! காலேஜ் உங்கள் கையெழுத்தையும் முத்திரையையும் பார்த்து அந்தப் பிள்ளையை நம்பியது. கூகுள் தரும் சான்றும் அதே மாதிரிதான். அதில் கூகுளின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும், எந்தத் தளத்துக்காகக் கொடுத்தது என்று இருக்கும், எத்தனை மணிக்குக் காலாவதி என்றும் இருக்கும். இந்த மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் கதவு திறக்கும். வேறு தளத்துக்காகக் கொடுத்த சான்றை இங்கே கொண்டுவந்து நீட்ட முடியாது.

[8:31] வரதராஜன் (பி-1): பச்சை மை என்றதும் புரிந்துவிட்டது. அட்டெஸ்ட் செய்யும்போது ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒரிஜினல் காலேஜுக்குப் போகாது. அப்படியானால் என் மெயிலை நம்ம தளம் படிக்குமா?

[8:34] தீபா (சி-2): படிக்க முடியாது அங்கிள். பெயர், மெயில் முகவரி, போட்டோ, இவ்வளவுதான் நாம் கேட்பது. காண்டாக்ட்ஸ், டிரைவ் எதையும் தொடவில்லை. நீங்கள் எப்போது நம்ம தளத்துக்குள் வந்தீர்கள் என்பது கூகுளுக்குத் தெரியும். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

[8:40] பிரவீன் (சி-6): அக்கா, ஓடிபி அனுப்பினால் என்ன? எல்லோரிடமும் போன் இருக்கிறதே.

[8:47] தீபா (சி-2): யோசித்தேன் பிரவீன். எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி பதிவு (அனுப்புபவர் யார் என்று முன்பே பதிவது) வேண்டும், அனுப்பும் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு வேறு. கூகுள் லாகினுக்குக் கட்டணம் இல்லை. முறையும் புதிதல்ல. ஒரு தளம் இன்னொரு தளத்திடம் அனுமதி வாங்கும் அடிப்படை முறையான ஓஆத் 2.0 வெளிவந்தது 2012இல். அதன் மேல் ஆளை அடையாளம் காட்டுவதற்கென்றே ஓபன்ஐடி கனெக்ட் 2014இல் வந்தது. நான் எதையும் கையால் எழுதப் போவதில்லை. நம்ம தளம் ஜாங்கோ என்ற மென்பொருளில் எழுதப்பட்டிருக்கிறது, அதற்கு ஆல்ஆத் என்று நன்றாகப் பழகிய லைப்ரரி (தயார் நிரல் தொகுப்பு) உண்டு.

[9:02] ஹமீது (ஏ-7): என்னிடம் ஐபோன் தான் தீபா. ஆப்பிள் பட்டனும் வருமா?

[9:10] தீபா (சி-2): இப்போதைக்கு இல்லை அண்ணா. அதற்கு ஆப்பிள் டெவலப்பர் கணக்கு வேண்டும், வருடம் 99 டாலர். சங்கப் பணத்தில் அது வேண்டாம் என்று தோன்றுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆப்பிளில் "மெயிலை மறை" என்று கொடுத்தால் நமக்கு ஒரு மாற்று முகவரிதான் வரும், அதை வைத்து எந்த வீடு என்று நிர்மலா அக்காவால் கண்டுபிடிக்க முடியாது. ஐபோனிலும் கூகுள் பட்டன் நன்றாக வேலை செய்யும். ஒரு வேண்டுகோள்: ஆபீஸ் மெயிலில் வராதீர்கள். வேலை மாறினால் நம்ம தளமும் கையைவிட்டுப் போய்விடும்.

[9:12] ஹமீது (ஏ-7): சரிம்மா, சொந்த ஜிமெயிலிலேயே வருகிறேன்.

[மதியம் 3:25] தீபா (சி-2): கூகுள் கிளவுட் கன்சோலில் (இந்த லாகினைப் பதிவு செய்யும் கூகுள் பக்கம்) நம்ம சங்கத்தின் பெயரில் புராஜெக்ட் திறந்துவிட்டேன். கிளையன்ட் ஐடி (கூகுளிடம் நம்ம தளத்தின் பெயர் மாதிரி), சீக்ரெட் (காலையில் சொன்ன ரகசியச் சாவி) இரண்டும் வந்துவிட்டன. பிரைவசி பாலிசிக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஏற்றியிருக்கிறேன். பிரவீன், உன் ஜிமெயிலை டெஸ்ட் லிஸ்டில் சேர்த்திருக்கிறேன், முயன்று பார்.

[3:41] பிரவீன் (சி-6): அக்கா, எரர் 400. "ரீடைரக்ட் யூஆர்ஐ மிஸ்மேட்ச்" என்கிறது.

[3:44] தீபா (சி-2): திரும்பி வரும் முகவரி, நான் கூகுளில் பதிவு செய்ததோடு ஓர் எழுத்துகூட மாறாமல் பொருந்த வேண்டும். ஒரு புள்ளி, ஒரு கோடு மாறினாலும் விடாது. கடைசியில் வரும் சாய்வுக்கோட்டை முதலில் நான் விட்டிருந்தேன், அதை அப்போதே சேர்த்துவிட்டேனே! எரர் விவரத்தைத் திறந்து, அதில் இருக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்கிறாயா?

[3:52] பிரவீன் (சி-6): தளத்தின் பெயர் சரி. பாதை சரி. சாய்வுக்கோடு இருக்கிறது. ஆ, ஆரம்பத்தில் எச்டிடிபி என்றுதான் இருக்கிறது அக்கா. கடைசி எஸ் இல்லை!

[3:53] தீபா (சி-2): கண்டுபிடித்துவிட்டாய் பிரவீன்! வெளியிலிருந்து, நம்ம சர்வரின் வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் வரை எச்டிடிபிஎஸ் தான். அங்கிருந்து ஜாங்கோவுக்கு உள்ளே போகும்போது வெறும் எச்டிடிபி. "வெளியே பாதுகாப்பான இணைப்புதான்" என்று ஜாங்கோவுக்குச் சொல்லும் ஒரு வரி செட்டிங்ஸில் விட்டுப்போயிருக்கிறது. ஐந்து நிமிடம்.

[4:07] பிரவீன் (சி-6): உள்ளே வந்துவிட்டேன்! "வணக்கம் பிரவீன்" என்று வருகிறது. கன்சோல் ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போடட்டுமா?

[4:08] தீபா (சி-2): வேண்டாம்ப்பா. அதில் சீக்ரெட் தெரிந்துவிடலாம். கிளையன்ட் ஐடி நாலு பேருக்குத் தெரிந்தால் தவறில்லை, சீக்ரெட் சர்வரைத் தாண்டி எங்கேயும் போகக் கூடாது. இப்போது டெஸ்டிங்கிலிருந்து புரொடக்‌ஷனுக்கு, அதாவது எல்லோரும் வரும்படி, மாற்றுகிறேன். டெஸ்டிங்கில் இருந்தால் லிஸ்டில் இல்லாதவர்களைக் கூகுள் வாசலிலேயே நிறுத்திவிடும்.

[மாலை 6:15] சரோஜா (பி-3): தீபா கண்ணு, நானும் அமுக்கிப் பார்த்தேன். "வணக்கம் சுரேஷ்" என்று வருகிறது. சுரேஷ் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அவன் வீட்டுக்குள் நான் போய்விட்டேனா? பயமாக இருக்கிறது.

[6:21] தீபா (சி-2): பயப்படாதீர்கள் ஆன்ட்டி, எதுவும் கெடவில்லை. சுரேஷ் அண்ணா போன் வாங்கிக் கொடுத்தபோது தன் ஜிமெயிலையே போட்டுக் கொடுத்திருக்கிறார். அதனால் கூகுளைப் பொறுத்தவரை அந்தப் போனில் இருப்பவர் சுரேஷ். உங்களுக்கென்று ஒரு கணக்கு திறந்துவிடலாம்.

[6:24] தீபா (சி-2): இதை எல்லோரும் கவனியுங்கள், நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது இதைத்தான். "இவர் இன்னார்" என்று மட்டும்தான் கூகுள் சொல்லும். "இவர் பி-3இல் குடியிருக்கிறார், லாரிக்குப் பெயர் கொடுக்கலாம், மெயின்டனன்ஸ் ரசீது பார்க்கலாம்" என்று அது சொல்லாது, அதற்குத் தெரியவும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் ரிஜிஸ்டர் வைத்திருக்கும் நிர்மலா அக்கா. முதல் தடவை வரும்போது தளம் வீட்டு எண்ணைக் கேட்கும், அக்கா ரிஜிஸ்டரைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் திறக்கும்.

[6:33] நிர்மலா (ஏ-4): பழைய கணக்கில் இருக்கும் மெயிலும் ஜிமெயிலும் ஒன்றாக இருந்தால் தானாகச் சேர்ந்துகொள்ளாதா? 48 பேருக்கும் நான் பார்க்க வேண்டுமா?

[6:42] தீபா (சி-2): சிரமம்தான் அக்கா, ஆனால் ஒரே ஒரு தடவைதான். பழைய தளம் யாருடைய மெயிலையும் சரிபார்க்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் வேறொருவர் மெயிலைப் போட்டுக் கணக்கு திறந்திருக்கலாம். தானாகச் சேர்த்துவிட்டால், அந்த ஆளும் உண்மையான உரிமையாளரும் ஒரே கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு கூகுள் கணக்குக்கும் என்றைக்கும் மாறாத ஒரு எண் உண்டு. மெயில் முகவரி மாறினாலும் அந்த எண் மாறாது. வீட்டு எண்ணை அதனோடுதான் இணைக்கிறேன். வாடகைக்கு இருப்பவர்கள் காலி செய்தால் நீங்கள் அதை எடுத்துவிட்டால் போதும்.

[6:45] நிர்மலா (ஏ-4): சரி, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே. ரிஜிஸ்டரோடு உட்கார்ந்துவிடுகிறேன்.

[6:50] பிரவீன் (சி-6): சரோஜா பாட்டி, நான் இப்போது பி-3க்கு வரட்டுமா? உங்கள் பெயரில் ஜிமெயில் திறந்து தருகிறேன்.

[6:51] சரோஜா (பி-3): வாப்பா. பஜ்ஜி போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 9:20] சரோஜா (பி-3): "வணக்கம் சரோஜா" என்று வந்துவிட்டது! இத்தனை வருடமாக எல்லாம் சுரேஷ் பெயரில்தான் இருந்தது. என் பெயரில் ஒரு மெயில் இப்போதுதான். பிரவீன் நோட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறான். சுரேஷுக்கு முதல் மெயில் அனுப்பிவிட்டேன்.

[9:26] நிர்மலா (ஏ-4): பி-3 ஒப்புதல் கொடுத்துவிட்டேன் ஆன்ட்டி. இதுவரை 29 வீடு முடிந்தது.

[10:05] வரதராஜன் (பி-1): தீபா, ராத்திரி யோசித்ததில் இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, அந்தப் பெரிய கம்பெனியிலேயே திருட்டு நடந்தால்? இரண்டு, நான் பிரவுசிங் சென்டரில் தளத்தைத் திறந்துவிட்டு வெளியே வந்தால் எல்லாம் மூடிவிடுமா?

[10:18] தீபா (சி-2): முதல் கேள்வி நியாயமானது அங்கிள். 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் அது நடந்தது. லாகின் டோக்கன்களை, அதாவது ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று காட்டும் குறியீடுகளைத் திருடிவிட்டார்கள். முதலில் 5 கோடிக் கணக்கு என்றார்கள், பிறகு கிட்டத்தட்ட 3 கோடி என்று திருத்தினார்கள். பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று நினைத்த கணக்குகளின் டோக்கன்களைச் செல்லாததாக்கி அந்த மக்களைத் திரும்ப லாகின் செய்ய வைத்தார்கள். ஒரு சாவியில் பல கதவு திறக்கிறது என்றால் அந்தச் சாவியைப் பத்திரமாக வைக்க வேண்டும். அதனால் எல்லோரும் கூகுளில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் வீட்டுக்கு நானும் பிரவீனும் வருகிறோம்.

[10:21] தீபா (சி-2): இரண்டாவது: மூடாது! நம்ம தளத்திலிருந்து வெளியே வந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரில் கூகுள் திறந்தேதான் இருக்கும். அடுத்து உட்காருபவர் உங்கள் மெயிலைப் பார்க்கலாம். பொதுக் கம்ப்யூட்டரில் கூகுளிலிருந்தும் வெளியே வர வேண்டும். முடிந்தவரை உங்கள் போனிலேயே பாருங்கள். எங்கள் தளம் வேண்டாம் என்று தோன்றினால், கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பகுதிக்குப் போய் இணைப்பை நீங்களே துண்டிக்கலாம்.

[10:24] வரதராஜன் (பி-1): திருப்தி. பி-1 வந்துவிட்டேன், நிர்மலா மேடம் ஒப்புதல் கொடுங்கள்.

[இரவு 9:10] நிர்மலா (ஏ-4): 46 வீடு ஆகிவிட்டது. பாக்கி இரண்டும் பூட்டியிருக்கின்றன, உரிமையாளர்கள் ஊரில் இல்லை. அவர்கள் வந்ததும் நேரில் பார்த்துக் கொடுக்கிறேன்.

[9:32] தீபா (சி-2): பழைய பாஸ்வேர்ட் பட்டியலை இப்போது அழித்துவிட்டேன். பழைய பேக்கப் நான்கு இருந்தன, அவற்றிலிருந்தும் எடுத்துவிட்டேன். ஆனால் இத்தனை நாள் அதை யார் பார்த்தார்கள் என்று சொல்ல வழியில்லை. அதே பாஸ்வேர்டைப் பேங்கிலோ மெயிலிலோ வைத்திருப்பவர்கள், தயவுசெய்து இன்று ராத்திரியே மாற்றிவிடுங்கள்.

[9:40] ஹமீது (ஏ-7): மாற்றிவிட்டேன்.

[9:44] வரதராஜன் (பி-1): பேங்க் மாற்றிவிட்டேன். மெயில் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

[9:47] சரோஜா (பி-3): பிரவீன், தூங்கிவிட்டாயா? பேங்க் பாஸ்வேர்ட் எங்கே மாற்றுவது?

[9:48] பிரவீன் (சி-6): வருகிறேன் பாட்டி. பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், நான் திரும்பி நின்றுகொள்கிறேன்.