புதுப்பிப்பு: முட்டிவலி போய்விட்டது

இருபது வருடம் கழித்து மறுபடி சைக்கிள் ஓட்டத் தொடங்கியதையும், முட்டியின் முன்பக்கம் வலிப்பதையும் மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன். சீட்டு தாழ்வாக இருக்கும் என்று சொன்னவர்களுக்கு நன்றி, அதுதான் காரணம். மிதி (பெடல்) சுற்றின் கீழ்க்கோடியில் நிற்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அந்த அளவுக்கு ஏற்றினேன், இரண்டே வாரத்தில் வலி நின்றது. மேட்டில் கனமான கியரில் அழுத்துவதையும் விட்டுவிட்டேன்.

இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாரம் ஐந்து நாள், விடிந்ததும் தோட்டத்து மண்சாலையில் அரை மணி நேரம். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குச் சொல்லும் குறைந்தபட்ச 150 நிமிட உடற்பயிற்சி அதிலேயே வந்துவிடுகிறது. மழைக்கு மறுநாள் செம்மண் வழுக்கும், அன்று தார்ச்சாலைதான். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும் அக்கா ஒருவர், “தம்பி, இன்னிக்கு லேட்டா?” என்று கேட்கிறார். அதற்காகவே எழுந்துவிடுகிறேன்.