கிண்டல் கமெண்ட்டை எப்படிக் குறியிடுவது? காப்பா 0.41ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது

வணக்கம். மதுரையில் சமூகவியல் பிஎச்.டி. செய்கிறேன். 2021 நவம்பரில் செமஸ்டர் தேர்வை ஆன்லைனில் வைக்கச் சொல்லி இங்கே கல்லூரி மாணவர்கள் போராடினார்களே, அந்தச் செய்திகளுக்கு வந்த வாசகர் கமெண்ட்கள்தான் என் தரவு. மொத்தம் 600. ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று மூன்றே வகை. நானும் தோழி ஒருத்தியும் தனித்தனியாகக் குறியிட்டோம். 68 சதவீதம் ஒத்துப்போகிறது, ஆனால் கோஹன் காப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, இருவர் குறியீடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்; 1 என்றால் முழு ஒப்புதல்) 0.41தான். வழிகாட்டி 0.61க்கு மேல் கேட்கிறார்.

இடிப்பது கிண்டல் கமெண்ட்களில்தான். "சூப்பர் தம்பி, அப்படியே வேலையும் வீட்டிலிருந்தே கொடுத்துடுவாங்க" மாதிரி. நான் எதிர்ப்பு என்கிறேன், அவள் ஆதரவு என்கிறாள். (அவளும் ஆன்லைனில் தேர்வெழுதிய பேட்ச்தான், அது வேறு கதை.)

குறியீட்டு விதிகளை இரண்டு முறை திருத்தி, 100 கமெண்ட்டை மறுபடி போட்டுப் பார்த்தோம். 0.46 வந்தது, அவ்வளவுதான். இதே மாதிரி இன்னொரு ஒப்புதல் அளவான கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபாவும் கிட்டத்தட்ட அதே எண். ஆர் மென்பொருளில் இரண்டு தடவை கணக்கிட்டேன், எண்ணில் தப்பில்லை. தங்கிலீஷ் கமெண்ட்களைத் தமிழ் எழுத்துக்கு மாற்றியும் பார்த்தாயிற்று. கிண்டலை மொத்தமாகத் தூக்கிவிடலாம்தான், ஆனால் சுவாரஸ்யமே அதில்தானே இருக்கிறது!

அடுத்த மாதம் ஆய்வுக் குழுக் கூட்டம். கிண்டலை நான்காவது வகையாக வைப்பதா, இல்லை ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் நிலைப்பாடு, தொனி என்று இரண்டு குறியீடு கொடுத்துத் தனித்தனியாகக் காப்பா காட்டுவதா? தமிழ் கமெண்ட்களில் வேலை செய்தவர்கள் எதைச் செய்தீர்கள்?