கொச்சி மெட்ரோ: உங்கள் அனுபவம் எப்படி?

கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் வந்து ஆலுவாவில் இறங்கி, காக்கநாட்டில் இருக்கிற இன்ஃபோபார்க் என்ற ஐ.டி. பூங்காவுக்கு வேலைக்குப் போகிறவன் நான். இந்த மெட்ரோவைப் பற்றிக் கேட்டால் வண்டியைவிட அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைத்தான் சொல்வேன்.

2017 ஜூனில் ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரை 13 கிலோமீட்டர் ஓடத் தொடங்கியபோது ஏறிப் பார்த்தேன். மூன்று பெட்டி, நல்ல ஏசி, சுத்தமான ஸ்டேஷன். ஆனால் பாலாரிவட்டத்தில் இறங்கினால் அடுத்து என்ன? ஆட்டோதான். எம்.ஜி. ரோடு வேலைக்கோ, எர்ணாகுளம் சவுத்தில் ரயில் பிடிக்கவோ அது உதவவில்லை. முதல் ஆர்வம் அடங்கியதும் பல பெட்டிகள் காலியாகவே ஓடின. அதே ஆண்டு அக்டோபரில் மகாராஜாஸ் காலேஜ் வரை நீண்ட பிறகுதான் ஊருக்குள் வந்த மாதிரி இருந்தது. 2019இல் வைற்றிலா வழியாக தைக்கூடம் வரை, அப்புறம் 2020இல் பேட்டை வரை.

என் கணக்கில் வைற்றிலாதான் திருப்பம். மெட்ரோ, பஸ் நிலையம், படகுத்துறை மூன்றும் நடக்கிற தூரத்தில். 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ வந்ததும் என் வழி மாறிவிட்டது: வைற்றிலாவில் இறங்கி, காக்கநாட்டுக்குப் படகு. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய படகு, சத்தமே இல்லை. படகுத்துறை தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை என்பதால் ஓதம் ஏறினாலும் வற்றினாலும் படகின் தளமும் அதுவும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியில் வந்த ஒரு அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறியதைப் பார்த்தேன். காக்கநாடு துறையிலிருந்து ஆபீஸுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், அதுதான் குறை. கலூர் ஸ்டேடியத்திலிருந்து இன்ஃபோபார்க்குக்கு மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. அந்த ரோட்டில் இப்போது பஸ்ஸில் போனால் பொறுமை சோதிக்கப்படும்.

---

நான் இடப்பள்ளிப் பக்கம் குடியிருந்தவள். எனக்கு மறக்காதது பத்தடிப்பாலத்தில் மெட்ரோ பாதையைத் தாங்கும் 347ஆம் தூண். 2022 தொடக்கத்தில் அதில் சரிவு தெரிந்தது. தூணைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளக் கம்பங்கள் (பைல்) பாறை வரை போகவில்லை என்றார்கள். வண்டி அந்த இடம் வந்ததும் ஊர்ந்து போகும். பெட்டியில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். புதிதாக பைல் இறக்கிச் சரிசெய்த பிறகுதான் பழைய வேகம் வந்தது. ஆனாலும் ஒன்று சொல்லணும், மறைக்காமல் பேப்பரில் வந்தது, வேலையும் சில மாதத்தில் முடிந்தது.

இன்னொன்று. ஆரம்பத்திலேயே கேரள அரசின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ மூலமாகத் திருநங்கைகளை வேலைக்கு எடுத்தார்கள். டிக்கெட் கவுண்டரில் ஒரு சேச்சி என் அரைகுறை மலையாளத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார். அப்படி வேலைக்கு வந்த திருநங்கைகளில் சிலர் கொஞ்ச நாளிலேயே வேலையை விட்டார்கள். வாடகைக்கு வீடு கொடுக்க ஆளில்லை என்பதுதான் காரணம். வேலை கொடுத்த ஊர் வீடு கொடுக்கவில்லை.

---

மேலே கோயம்புத்தூர்க்காரர் சொன்னது சரி. நான் திருப்பூணித்துறை பக்கம். 2024 மார்ச்சில் இங்கே மெட்ரோவின் கடைசி ஸ்டேஷனான டெர்மினல் திறந்தபோது ஆலுவாவிலிருந்து மொத்தம் 28 கிலோமீட்டர், 25 ஸ்டேஷன் ஆனது. எங்களுக்கு இதில் பெரிய லாபம், மெட்ரோ இறங்கினால் பக்கத்திலேயே ரயில்வே ஸ்டேஷன். கோட்டயம் பக்கம் போகிறவர்கள் ஊருக்குள் நுழையாமலேயே வண்டி பிடிக்கலாம். கோவைக்கு மெட்ரோ கேட்பவர்கள் முதலில் இந்த மாதிரி இணைப்புகளைக் கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

---

ஒரு சந்தேகம், சைக்கிளோடு ஏற விடுவார்களா?

---

விடுவார்கள். 2020 முதலே உண்டு, தனிக் கட்டணம் இல்லை. வண்டியின் முன்கோடியிலோ பின்கோடியிலோ நின்றுகொள்ளுங்கள். ஆனால் காலை ஆபீஸ் நேரத்தில் வேண்டாம், எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள்.