எறும்பு குதிக்குமா? வீட்டில் யாரும் நம்பவில்லை

பாக்குத்தோப்பு:
ஜோக் அருவிக்குப் பக்கம் சாகரத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. நேற்றுக் காலை பத்து மணி, வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் ஓர் எறும்பு. கட்டெறும்பைவிட நீளம், செம்பழுப்பு உடல், இடுக்கி போல் நீண்ட மஞ்சள் தாடை. குச்சியை நீட்டினேன். திரும்பி என்னைப் பார்த்தது, சத்தியமாகப் பார்த்தது. அடுத்த நொடி ஒரு விரல் தூரம் தவ்விவிட்டது. "வெட்டுக்கிளியாக இருக்கும்" என்கிறாள் மனைவி.

கரிசல்காடு:
எறும்பு வேடம் போடும் சிலந்தியாக இருக்கலாம். கால்களை எண்ணினீர்களா?

பாக்குத்தோப்பு:
ஆறு. எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பழைய வாத்தியார்:
அப்படியானால் அது ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர். மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1851இல் விவரித்த எறும்பு. உங்களைப் பார்த்தது உண்மைதான். மோப்பத்தை மட்டும் நம்பாமல், பகலில் கண்ணால் பார்த்து இரை பிடிக்கிற இனம் இது. கூட்டமாகப் போகாது, தனியாகவே வேட்டை. பூச்சியைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, உயிரோடு கூட்டுக்கு இழுத்துப் போகும்.

ஆனால் என்னை அசத்துவது குதிப்பு அல்ல, அரசி செத்த பிறகு நடக்கும் கூத்து. வேலைக்கார எறும்புகள் உணர்கொம்பால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சண்டை நாற்பது நாள்வரை நீளும். ஜெயித்தவை முட்டையிடத் தொடங்கும். ஏழு மாதம் வாழ வேண்டியவை நான்கு வருடம்வரை வாழும். மூளை மட்டும் ஏறக்குறைய கால்வாசி சுருங்கிவிடும். வேட்டைக்குப் போகாதவருக்கு அவ்வளவு மூளை எதற்கு? (எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவைப் பற்றிச் சொல்லவில்லை.) அவற்றைப் பிரித்து வைத்தால் பழையபடி வேலைக்காரர்களாகின்றன, சுருங்கிய மூளையும் வளர்ந்துவிடுகிறது என்று 2021இல் காட்டியிருக்கிறார்கள்.

கரிசல்காடு:
சிலந்தியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கூடு எப்படி இருக்கும், ஐயா?

பழைய வாத்தியார்:
மண்ணுக்கடியில் அறை அறையாக. காலியான கூட்டுப்புழுக் கூடுகளைக் கிழித்து உட்சுவரில் ஒட்டிவைக்கும், நாம் சுவருக்குக் காகிதம் ஒட்டுவது போல. தோண்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். கொடுக்கு இருக்கிறது.

பாக்குத்தோப்பு:
நன்றி ஐயா. இன்று காலை மனைவியும் பார்த்துவிட்டாள். வெட்டுக்கிளிப் பேச்சே இல்லை. இனி துணி காயப்போடுவது என் வேலையாம்.