முதல் வகுப்புக்கு முன்பே 206 எலும்புகளா?

வார்டு சிஸ்டர்: பி.எஸ்சி. நர்சிங் சேரவிருக்கும் பிள்ளைகள், வகுப்பு தொடங்கும் முன்பே 206 எலும்புகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்யாவிட்டால் முதல் செமஸ்டரிலேயே தோற்றுவிடுவார்கள் என்று ‘இறுதியாண்டு’ என்ற பெயரில் எழுதும் மாணவி நேற்று இங்கே அருளியிருக்கிறார். இத்தனை ஆண்டுப் பணியில் எந்த நோயாளியும் மணிக்கட்டின் எட்டு எலும்புகள் எவையென்று என்னிடம் கேட்டதில்லை. புதிதாக வரும் பிள்ளைகளை வாசலிலேயே மிரட்டுவதில் இவருக்கு என்ன மகிழ்ச்சியோ!

இறுதியாண்டு: மதிப்பிற்குரிய சிஸ்டர், 2021இல் மாறிய பாடத்திட்டத்தைத் தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், ஆங்கிலம், செவிலியப் பணி அடிப்படைகள் அனைத்தும் ஒன்றாக வந்து விழுகின்றன. தமிழ் வழியில் படித்து வருபவர்கள் ஆங்கிலப் பெயர்களிலேயே தடுக்கி விழுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தோளில் ஊசி போடுவதற்குக்கூட அக்ரோமியனைத் தொட்டுப் பார்த்துத்தானே இடத்தைக் குறிக்கிறோம்?

வார்டு சிஸ்டர்: அக்ரோமியன் தனி எலும்பே அன்று, அது தோள்பட்டை எலும்பின் ஒரு பகுதி. தங்கள் 206 பெயர்களில் அது இடம்பெறவே இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விடுமுறையில் உருப்படியாகச் செய்ய வேண்டியது மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி. முதல் தவணைக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும் போட்டால்தான் மூன்று தவணையும் முடியும் என்பதால், வார்டுக்குள் நுழைந்த பிறகு தொடங்குவது தாமதம். அடுத்து, வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி, வீட்டில் இருப்பவர்களின் நாடியை முழு நிமிடம் எண்ணிப் பழகட்டும்.

திருச்சி தந்தை: என் மகள் இந்த ஆண்டு சேரவிருக்கிறாள். நேற்றிலிருந்து எலும்புப் பெயர்களை எழுதி எழுதி அழுகிறாள். நீட் எழுதாதவளுக்கு இடம் கிடைக்காது என்று உறவினர் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார். தடுப்பூசியை எங்கே போடலாம் என்றும் யாராவது சொல்லுங்கள்.

நுண்ணோக்கி: ஐயா, தமிழ்நாட்டில் நர்சிங்குக்கு நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கொண்டே தரவரிசை. நிற்க, 206 என்பது வளர்ந்தவர்களின் கணக்கு. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 எலும்புகள் இருந்து, பிறகே பல ஒன்றிணைகின்றன. இடுப்புக்குப் பின்னால் உள்ள திரிக எலும்பே ஐந்து முள்ளெலும்புகள் கூடியதுதான். குழந்தைகள் வார்டுக்குப் போகும் மாணவி எந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வது?

இறுதியாண்டு: நுண்ணோக்கி எப்போதும் விவாதம் பாதி நடந்த பிறகு வந்து, யாரும் கேட்காத எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார், சென்ற ஆண்டு காலணி விவாதத்திலும் இதுவே நடந்தது. தேர்வில் கேட்பது 206தான். மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோவில் இந்த ஆழம் தேவைப்பட்டிருக்காது என்பதால், சிலருக்கு இது மிரட்டலாகத் தோன்றுவது இயல்பே.

வார்டு சிஸ்டர்: ஆக, வந்துவிட்டது டிப்ளமோ! வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் ஐடா ஸ்கட்டர் அங்கே செவிலியர் பயிற்சியைத் தொடங்கியது 1909இல். அங்கே பட்டப்படிப்பு வந்தது 1946இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பிரசவம் பார்த்தவர்களும் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்களும் ஆழமற்றவர்கள் என்கிறீர்களா? ஜி.என்.எம். என்ற அந்த டிப்ளமோவை முடித்தவரும் பி.எஸ்சி. முடித்தவரும் ஒரே மாநிலச் செவிலியர் கவுன்சிலில்தான் பதிவு செய்கிறோம். தங்களைப் போன்ற பட்டதாரிகள் பயிற்சிக்கு வரும்போது, நோயாளி படுத்திருக்கையிலேயே படுக்கை விரிப்பை மாற்றக் கற்றுக்கொடுப்பவர்கள் இந்த டிப்ளமோக்காரிகள்தாம். விரிப்பின் நான்கு மூலைகளையும் மடிக்கத் தெரியாதவருக்கு 206 எதற்கு?

இறுதியாண்டு: மூலை மடிப்பு முதல் செமஸ்டரிலேயே எனக்கு வந்துவிட்டது. என் கேள்விக்கு விடை வரவில்லை: உடற்கூறியல் தேர்வை யார் எழுதுவது?

வார்டு சிஸ்டர்: தேர்வுக்கு ஒரு செமஸ்டர் முழுவதும் இருக்கிறது. வகுப்புக்கு முன்பே ஏன் என்பதுதான் என் கேள்வி. அதற்கு விடை எங்கே?

நுண்ணோக்கி: காதுக்குள் இருக்கும் ஆறு சிற்றெலும்புகளையும் சேர்த்துத்தான் 206 என்பதை இருவரும் கவனித்தீர்களா?

திருச்சி தந்தை: தடுப்பூசி பற்றிக் கேட்டிருந்தேன்.

இறுதியாண்டு: ஐயா, மகள் எத்தனை எலும்புகள் வரை முடித்திருக்கிறார்?