இரண்டாவது ஹார்ட் டிஸ்க் சுற்றுகிறது, ஆனால் பயாஸில் தெரியவில்லை

கேமரா கார்த்தி:

வணக்கம். வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். 8ஆம் தலைமுறை ஐ5, 400 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, மதர்போர்டிலேயே செருகும் 256 ஜிபி எம்.2 எஸ்எஸ்டி ஒன்று. விண்டோஸ், எடிட்டிங் மென்பொருள், அக்கா கல்யாணத்தில் தொடங்கி எடுத்த போட்டோ வீடியோ எல்லாம் அந்த ஒன்றில்தான். சி டிரைவ் எப்போது பார்த்தாலும் சிவப்பாகவே நிற்கிறது. அதனால் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று, 3.5 இன்ச் சைஸ், புதிதாக வாங்கி நானே கேபினெட்டைத் திறந்து மாட்டினேன்.

டிஸ்க் சுற்றுகிறது, மேலே விரல் வைத்தால் அதிர்வு தெரிகிறது. ஆனால் பயாஸிலும் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) காணோம், விண்டோஸிலும் காணோம். டேட்டா கேபிளை மாற்றிப் பார்த்தாயிற்று. வாங்கிய கடையில் கேட்டால் 400 வாட் போதாது, 650 வாட் எஸ்எம்பிஎஸ் போடுங்கள் என்கிறார்கள். இன்னும் சில ஆயிரம் செலவழிப்பதற்கு முன்னால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். உண்மையிலேயே வாட் பிரச்சினையா?

வன்பொருள் வேலு:

எஸ்எம்பிஎஸ் வாங்காதீர்கள் தம்பி. இந்த சைஸ் டிஸ்க் சுற்றத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதாவது 25 வாட்டை ஒட்டி. வேகம் பிடித்த பிறகு 5 முதல் 8 வாட், அவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்டே இல்லாத உங்கள் மெஷினுக்கு 400 வாட் தாராளம்.

டிஸ்க் சுற்றுகிறது என்றால் பவர் போய்ச் சேருகிறது. அப்படியானால் டேட்டா போகும் வழியைத்தான் சந்தேகப்பட வேண்டும். கேபிளை மாற்றினேன் என்று சொல்கிறீர்கள், போர்ட்டை மாற்றினீர்களா? உங்கள் எம்.2 எஸ்எஸ்டி என்ன வகை என்று முதலில் பாருங்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி சின்னப் பட்டையாக இருந்தாலும் அதில் ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் ஓடும் வகையும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. செருகும் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. அந்தக் காலகட்டத்து போர்டுகள் நிறையவற்றில் எம்.2 ஸ்லாட்டும் ஒரு சாட்டா போர்ட்டும் சிப்செட்டிலிருந்து வரும் ஒரே லைனைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஸ்லாட்டில் சாட்டா எஸ்எஸ்டி உட்கார்ந்துவிட்டால் அந்த போர்ட் தானாக அணைந்துவிடும். அதில் எந்த டிஸ்க்கைச் செருகினாலும் சுற்றும், ஆனால் போர்டின் கண்ணுக்குப் படாது. எந்த நம்பர் போர்ட் என்பது போர்டுக்கு போர்டு மாறும், மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மேனுவல் தொலைந்திருந்தால் போர்டின் மாடல் நம்பரை வைத்து நெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, வேறொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள். இன்னொரு விஷயம், இது முக்கியம். பயாஸில் தேடும்போது சாட்டா மோட் என்று ஒன்று கண்ணில் படும், ஏஹெச்சிஐ அல்லது ரெய்டு என்று இருக்கும். டிஸ்க் வரவில்லையே என்று அதை மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸும் பூட் ஆகாமல் நின்றுவிடும்.

சாலிடர் மணி:

வேலு அண்ணன் சொன்னதோடு பவர் கேபிள் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் டிஸ்க்கே போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை காலியாக இல்லை என்று பழைய நாலு பின் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான கேபிளை வாங்கிப் போடுகிறவர்கள் அதிகம். அதில் ஒயரை வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை வேண்டவே வேண்டாம். உள்ளே 12 வோல்ட் ஒயரும் 5 வோல்ட் ஒயரும் நெருங்கிக் கிடக்கும், நாளாவட்டத்தில் ஷார்ட் ஆகி உருகிய கனெக்டர்களைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், டிஸ்க்கின் பின்கள் வரை கருகியிருக்கும். ஒயர்கள் தனித்தனியாகப் பின்னால் கிளிப் போட்டு இறங்கும் வகையே நல்லது. அதேபோல, கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள் வேறு மாடலின் கேபிளை எடுத்துச் செருகக் கூடாது. டிஸ்க் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சரியாகப் பொருந்தி உட்காரும், சுவிட்சைப் போட்டதும் டிஸ்க் போய்விடும்.

கேமரா கார்த்தி:

வேலு அண்ணா, வந்துவிட்டது! என் எஸ்எஸ்டி சாட்டா வகைதான், இரண்டு வெட்டு இருக்கிறது. நான் செருகியிருந்தது முதல் போர்ட், மேனுவலிலும் அந்த போர்ட்டைத்தான் போட்டிருக்கிறார்கள். மூன்றாவதில் போட்டதும் பயாஸில் பெயர் வந்தது. கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் காசு தண்டம். ரொம்ப நன்றி.

இப்போது விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யச் சொல்கிறது. எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கிறது. அப்புறம், 4 டிபி வாங்கினேன், 3.63 டிபி என்று காட்டுவதைக் கடையில் கேட்க வேண்டுமா? பார்ட்டிஷன் எத்தனை போடலாம்?

வன்பொருள் வேலு:

ஜிபிடி போடுங்கள். இரண்டுமே டிஸ்க்கில் பார்ட்டிஷன் பட்டியலை எழுதி வைக்கும் முறைகள். எம்பிஆர் 1983இல் ஐபிஎம் பிசி காலத்தில் வந்த முறை. செக்டார் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சிறு துண்டு) எண்ணை 32 பிட்டில் எழுதுவதால், 512 பைட் செக்டாருக்கு 2 டிபிக்கு மேல் அதற்கு எட்டாது, மீதி இடம் சும்மா கிடக்கும். 3.63 பற்றிக் கவலை வேண்டாம். கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 4 டிபி என்று அச்சிடுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுகிறது. 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவதும் இதனால்தான்.

பார்ட்டிஷன் ஒன்றே போதும். காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், அலகு அளவை அப்படியே விட்டுவிடுங்கள். டி, இ, எஃப் என்று நாலு துண்டாக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது, ஒரே டிஸ்க்கை நாலாக வெட்டினால் ஒன்று நிரம்பி இன்னொன்று காலியாகக் கிடக்குமே தவிர வேறு லாபம் இல்லை, டிஸ்க் போனால் நாலும் சேர்ந்துதான் போகும். போட்டோவுக்கு ஒரு ஃபோல்டர், வீடியோவுக்கு ஒரு ஃபோல்டர், போதும்.

ஃபார்மட் செய்யும் இடத்தில் குவிக் ஃபார்மட் என்று டிக் இருக்கும், புது டிஸ்க்குக்கு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். முழு ஃபார்மட் ஒவ்வொரு செக்டாரையும் எழுதிப் பார்க்கும். விநாடிக்கு 150 எம்பி வேகம் என்று வைத்துக்கொண்டால் 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், யுபிஎஸ் இருந்தால் நல்லது. மட்டமான டிஸ்க்காக இருந்தால் திருப்பிக் கொடுக்க வழியிருக்கும் இந்த நாட்களிலேயே தெரிந்துவிடும். முடிந்ததும் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள். புதியது என்று விற்ற டிஸ்க் ஆயிரக்கணக்கான மணி நேரம் காட்டினால் உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.

எடிட்டிங்கைப் பொறுத்தவரை, நடந்துகொண்டிருக்கும் வேலையும் கேஷ் ஃபைலும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், முடிந்தவை டிஸ்க்குக்குப் போகட்டும். ஹார்ட் டிஸ்க்கின் வேகம் எடிட்டிங்குக்கு இழுபறி, சேமித்து வைக்க ஏராளம். உங்களுடையது எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று படியும்படி எழுதும்) டிஸ்க்காக இருந்தால் முதல் தடவை மொத்தமாகக் கொட்டும்போது நடுவில் வேகம் சட்டென்று இறங்கும், பயப்படாதீர்கள். டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பகுதி இருக்கிறது, அங்கே மூவ் கொடுத்தால் அவை முழுசாகப் புது டிஸ்க்குக்கு மாறிவிடும்.

மதுரை செல்வி:

இடையில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும் அண்ணா. அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் போர்டு போய்விட்டது, ஆனால் ஹார்ட் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார். அதில் விண்டோஸ் 7 இருக்கிறது, அவருடைய கடைக் கணக்கு எல்லாம் அதற்குள். என் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக இதே மாதிரி மாட்டலாமா? கணக்கு அழிந்துவிடுமோ என்றுதான் பயம்.

வன்பொருள் வேலு:

மாட்டலாம் அம்மா. ஆனால் மேலே கார்த்திக்குச் சொன்ன இனிஷியலைஸ், ஃபார்மட் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. டேட்டா இருக்கும் டிஸ்க்கை மாட்டியதும் விண்டோஸ் இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் கேன்சல் கொடுத்து வெளியே வந்துவிடுங்கள், அப்படிக் கேட்கிறது என்றாலே பார்ட்டிஷன் படிக்க முடியவில்லை என்று பொருள், இங்கே வந்து எழுதுங்கள். கேட்காமல் டிரைவ் எழுத்தோடு வந்துவிட்டால் நல்லது.

மாட்டிய பிறகு முதல் தடவை ஆன் செய்ததும் பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் உங்கள் டிஸ்க் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பழைய விண்டோஸ் எழும்பப் பார்க்கும். அப்பாவின் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும், கண்டினியூ கொடுங்கள், சற்று நேரம் எடுத்துத் திறந்துவிடும். திறந்ததும் வேறெதுவும் செய்யாமல் கணக்கு ஃபைல்களை முதலில் உங்கள் டிஸ்க்குக்கு காப்பி எடுங்கள். மெக்கானிக் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய செக்டார்களைக் காட்டும் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். கடைசி நெடுவரிசை பூஜ்யமாக இல்லாவிட்டால் காப்பி எடுத்ததோடு சரி, அதை நம்பிப் புதிதாக எதையும் எழுத வேண்டாம். டிக் டிக் என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதில்தான் மீட்கக் கூடியதும் போகும்.

சாலிடர் மணி:

கார்த்தி, நீங்கள் எழுதியதிலேயே எனக்குக் கவலை தருவது ஒன்று இருக்கிறது. கல்யாண வீடியோவை எஸ்எஸ்டியிலிருந்து புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அங்கே அழித்துவிடுவீர்கள் இல்லையா, அப்போதும் உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். ஒரே கேபினெட், ஒரே எஸ்எம்பிஎஸ். ஐப்பசி மழையில் பக்கத்துக் கம்பத்தில் இடி விழுந்தால் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து போகலாம், ரான்சம்வேர் வந்தாலும் சி, டி என்று பார்க்காமல் இரண்டையும் பூட்டிவிடும். யுஎஸ்பியில் செருகும் வெளி டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒரு தடவை காப்பி போட்டுவிட்டுக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். அக்கா வீட்டிலும் ஒரு காப்பி இருந்தால் இன்னும் நிம்மதி.

கேமரா கார்த்தி:

சரி அண்ணா, வெளி டிஸ்க் அடுத்த மாதச் சம்பளத்தில். அதுவரைக்கும் கல்யாண வீடியோவை மட்டும் எஸ்எஸ்டியிலிருந்து அழிக்காமல் இரண்டிலும் வைத்துக்கொள்கிறேன், மற்றதை நகர்த்தினாலே சி டிரைவில் பாதி காலியாகிவிடும். ஃபார்மட் 12 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு கேள்வி பாக்கி. பிற்பாடு விண்டோஸைத் திரும்ப ஏற்ற வேண்டி வந்தால் இந்த டிஸ்க்குக்கு ஏதாவது ஆகுமா?

வன்பொருள் வேலு:

விண்டோஸ் ஏற்றும் அன்றைக்கு இந்த டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். இன்ஸ்டாலர் சில சமயம் பூட் ஃபைல்களை மற்ற டிஸ்க்கில் போய் எழுதிவிடும், பிறகு அந்த டிஸ்க்கை எடுத்தால் விண்டோஸ் எழும்பாது. தவறான டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடும் ஆபத்தும் இருக்காது. ஏற்றி முடித்து டெஸ்க்டாப் வந்த பிறகு அணைத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் டேட்டா எல்லாம் அப்படியே இருக்கும், டிரைவ் எழுத்து மட்டும் மாறியிருந்தால் டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய எழுத்தையே கொடுத்துவிடுங்கள்.