கன்டம்-சான்: மூலத் தொடரைப் பார்க்காமல் அதன் பகடியை வாசிக்கலாமா?

காகிதக்கப்பல் கேட்டது:
ஹிதேகி ஓவாடாவின் ‘மொபைல் சூட் கன்டம்-சான்’ என்னும் நான்கு கட்ட நகைச்சுவை மங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) சில பக்கங்களை அண்மையில் வாசித்தேன். 2001இல் ‘கன்டம் ஏஸ்’ இதழில் தொடங்கிய இது, 2014இல் குறும் அனிமேயாகவும் (ஜப்பானிய அசைபடமாகவும்) வந்தது. இது பகடி செய்யும் மூலத் தொடரான ‘மொபைல் சூட் கன்டம்’ அனிமேயை நான் பார்த்ததில்லை. ஆகவே அதில் எதிரணி வீரனாக வரும், முகமூடி அணிந்த ஷார் வாய் திறந்தாலே மற்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. மூலத்தின் 43 பகுதிகளையும் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டுமா? போரின் துயரத்தைச் சொல்லும் ஒரு கதையை இப்படிக் கேலி செய்வது அதைச் சிறுமைப்படுத்தாதா?

மாலைவிண்மீன்:
நண்பரே, மூலத்தை முதலில் பாருங்கள் என்பதே என் உறுதியான கருத்து. மனிதகுலத்தில் பாதி அழிந்துவிட்டது என்ற அறிவிப்போடு தொடங்கும் அந்தத் தொடரில் ஷார் ஒருபோதும் இலேசாகப் பேசுவதில்லை. தன் குடும்பத்தை அழித்தவர்களைப் பழிவாங்க, அவர்கள் வீட்டுப் பிள்ளையும் தன்னை நம்பிய நண்பனுமான கார்மாவையே சாவுக்கு அனுப்பிவிட்டு, மதுக்கூடத்தில் தனியே அமர்ந்து ஒற்றை வாக்கியத்தில் அதைக் கடந்துவிடுகிறவர் அவர். அத்தகைய மனிதர் சின்னஞ்சிறு விஷயத்திற்கும் அதே கம்பீரத்தோடு வாய் திறக்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. அவர் ஓட்டும் ஸாக்கு என்ற சிவப்புப் போர் இயந்திரம் மூன்று மடங்கு வேகமுடையது என்று இரண்டாம் பகுதியில் வரும் வசனம், ஜப்பானில் சிவப்பு நிறத்தில் எதைக் கண்டாலும் சொல்லப்படும் வழக்காகவே நிலைத்துவிட்டது.

ஷாரின் அன்புக்குரிய லாலாவையும் நினைத்துப் பாருங்கள். நெற்றியில் பொட்டிட்ட அந்தப் பெண் 41ஆம் பகுதியில் ஷாரைக் காக்கக் குறுக்கே பாய்ந்து, கன்டத்தை ஓட்டும் கதாநாயகன் அமுரோவின் கையால் இறந்துபோகிறாள். மங்காவில் அவளும் ஷாரும் பேசிக்கொள்ளும் பக்கங்களை அந்த முடிவை அறிந்தவர் வாசிக்கும்போது, சிரிப்போடு ஒரு வலியும் சேர்ந்தே வருகிறது. எனக்கு அந்த மங்காவில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஏழாம்கட்டம்:
முன்னவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் எதுவும் அறியாதவருக்கு அந்த மங்காவில் ஒன்றுமே இல்லை என்பதை ஏற்க இயலவில்லை. தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்று நான்கு கட்டங்களில் நகரும் இவ்வடிவத்தில், மூன்றாம் கட்டத்தின் திருப்பம் நன்றாக அமைந்துவிட்டால் பாத்திரங்களை அறியாதவரும் சிரிப்பார். தலைப்பிலுள்ள ‘சான்’ என்ற விகுதியே ஒரு நகைச்சுவைதான்: அக்கம்பக்கத்தாரை மரியாதையும் நெருக்கமும் கலந்து அழைக்கும் சொல்லை அது ஒரு போர் இயந்திரத்தின் பெயரோடு ஒட்டுகிறது. ‘கன்டம் அவர்கள்’ என்று தமிழில் எழுதினால் நெருக்கம் போய்விடும். ‘கன்டம் அண்ணாச்சி’ என்பது ஓரளவு பொருந்தும்.

சிறுமைப்படுத்தல் குறித்த கேள்விக்கு, இதே ஓவாடா இதே இதழில் இயக்குநர் யோஷியுகி தோமினோவும் அவருடைய குழுவினரும் மூலத் தொடரை உருவாக்கப் பட்ட பாட்டைத் தனி மங்காவாக வரைந்திருக்கிறார் என்பதே போதிய விடை. 52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டு, பார்வையாளர் குறைவால் 43இல், 1980 ஜனவரியில் நிறுத்தப்பட்ட தொடர் இது. மறுஒளிபரப்புகளும், அவ்வாண்டு ஜூலையில் பண்டாய் பொம்மை நிறுவனம் வெளியிடத் தொடங்கிய, அதன் இயந்திரங்களின் பிளாஸ்டிக் மாதிரிகளும் சேர்ந்தே அதற்குப் புத்துயிர் தந்தன. அந்த வரலாற்றை அவ்வளவு அன்போடு வரைந்தவருக்கு, எந்த இடத்தைத் தொட்டால் வலிக்கும் என்பது நன்றாகவே தெரியும்.

நீலவானம்:
43 பகுதிகள் மலைப்பாக இருந்தால், 1981, 1982 ஆண்டுகளில் வெளியான, தொடரைச் சுருக்கித் தொகுத்த மூன்று திரைப்படங்களைப் பாருங்கள். லாலா மூன்றாவது படத்தில்தான் வருகிறாள் என்பதால், முதல் படத்தோடு நிறுத்திவிட்டு மங்காவுக்குத் திரும்ப வேண்டாம்.

காகிதக்கப்பல்:
மூவருக்கும் நன்றி. திரைப்படங்களைத் தம்பியோடு சேர்ந்து பார்க்கவிருக்கிறேன். அதன்பின் நான் ஏற்கெனவே வாசித்த அதே பக்கங்களை மீண்டும் வாசித்து, எந்தெந்த இடங்களில் என் வாசிப்பு மாறியது என்பதை இந்த இழையிலேயே எழுதுகிறேன்.